ஆன்லைனில் போட்டாச்சு, வேலை முடிந்ததா?

காரைக்குடியில் கரண்ட் பில் கட்ட வரிசையில் நிற்பவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். கடைசித் தேதியன்று அட்டையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, சில்லறைக்கு அல்லாடி, கவுண்டர் மூடுவதற்குள் கட்டிவிட வேண்டுமே என்று வியர்த்து நின்ற அதே ஆட்கள், இப்போது ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே போனில் கட்டிவிட்டுப் படுக்கப் போகிறார்கள். ஆனால் மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும் என்றால், இதே ஆள் பிளாஸ்டிக் கவரில் ஏழெட்டு ஜெராக்ஸைப் போட்டுக்கொண்டு இ-சேவைக் கடை வாசலில் வந்து நிற்கிறார். சான்றிதழும் ஆன்லைன்தான், அந்த இணையதளமும் எல்லோருக்கும் திறந்துதான் கிடக்கிறது. கரண்ட் பில்லுக்கு வந்த துணிச்சல் சான்றிதழுக்கு ஏன் வரவில்லை?

நண்பரின் மனைவி நடத்தும் இ-சேவைக் கடையில் பள்ளி, கல்லூரி சேர்க்கை மாதங்களில் கூட்டம் தாங்காது. அப்போதெல்லாம் சாயங்காலம் போய் ஒரு கணினியில் உட்கார்ந்து உதவுவேன். அங்கே பார்த்ததையும் கொஞ்சம் படித்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

மக்கள் ஆன்லைன் சேவையைப் பயன்படுத்தாததற்கு வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் மூன்று: படிப்பில்லை, வயதாகிவிட்டது, இணையம் சரியில்லை. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 2016இல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு, அதே ஆண்டு யுபிஐயும் வந்து, பூ விற்கும் அம்மா கூடக் கூடையில் க்யூஆர் அட்டை சாத்தி வைத்திருக்கும் ஊரில், இந்த மூன்றை மட்டும் சொல்லி முடித்துக்கொள்வது மக்கள் மேல் பழியைத் தள்ளுவதுதான். பல்லவன் எக்ஸ்பிரஸில் மெட்ராஸ் போக டிக்கெட் போடுவதற்கு இங்கே யாரும் பயப்படுவதில்லை. ஐஆர்சிடிசி 2002இலிருந்து ஆன்லைனில் டிக்கெட் தருகிறது. தட்கல் நேரத்தில் அது படுத்தும் பாட்டைத் தாங்கிக்கொண்டுதான் ஜனங்கள் போடுகிறார்கள். காரணம் எளியது: பணம் போனதும் டிக்கெட் கையில், அதற்கப்புறம் யாரையும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

இதை ஆராய்ந்தவர்கள் உண்டு. 1989இல் ஃப்ரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஒருவர் ஒரு தொழில்நுட்பத்தை ஏற்றுக்கொள்வதை இரண்டு எண்ணங்கள் முடிவு செய்கின்றன என்றார்: இதனால் எனக்குப் பயன் உண்டா, இது எனக்கு எளிதாக இருக்குமா. 2003இல் விஸ்வநாத் வெங்கடேஷும் டேவிஸும் இன்னும் இருவரும் சேர்ந்து, சுற்றியிருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையும், உதவிக்கு ஆளும் வசதியும் இருக்கிறதா என்பதையும் சேர்த்தார்கள். 2005இல் கார்ட்டர், பெலாஞ்சர் என்ற இருவர் அரசுச் சேவைகளையே தனியாக எடுத்துப் பார்த்து, நம்பிக்கைக்குப் பெரிய இடம் உண்டு என்றார்கள், அதிலும் அரசாங்கத்தின் மேல் நம்பிக்கை வேறு, இணையத்தின் மேல் நம்பிக்கை வேறு. எல்லாம் சரி. நம்மூருக்கு வந்தால் இவற்றோடு இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது: ஆன்லைனில் தொடங்கிய வேலை ஆன்லைனிலேயே முடிகிறதா?

வருமானச் சான்றிதழையே எடுத்துக்கொள்வோம். முதலில் கேன் எண், அதாவது இந்தச் சேவைகளுக்காக ஒவ்வொருவருக்கும் தரும் பதிவு எண், பதிய வேண்டும், அப்புறம் விண்ணப்பம், ஆவணங்கள் ஏற்றம், 60 ரூபாய் கட்டணம். அது கிராம நிர்வாக அலுவலருக்குப் போகும், அவரிடமிருந்து வருவாய் ஆய்வாளருக்கு, அங்கிருந்து வட்டாட்சியர் அலுவலகத்துக்கு, கடைசியில் மின்கையொப்பத்தோடு சான்றிதழ் வரும். ஏட்டில் பார்த்தால் அருமையான ஏற்பாடு. என் மகளுக்காக நானே ஒருமுறை போட்டேன். இரண்டு வாரம் நிலுவை, நிலுவை என்றே காட்டிக்கொண்டிருந்தது. என்ன குறை என்று ஒரு வரி இல்லை. விசாரித்துக்கொண்டு போனால், “ஆன்லைன்ல போட்டா போதுமா, அந்த ஜெராக்ஸை ஒரு செட் கொண்டு வந்து குடுக்கணும்ல” என்றார்கள். ஏற்கெனவே ஏற்றிய அதே காகிதங்கள்தான். கொடுத்தேன், மூன்றாம் நாள் சான்றிதழ் வந்துவிட்டது. அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது, ‘அடுத்த தடவை முதலிலேயே நேரில் போய்விட வேண்டும்’ என்பதைத்தான். கணினியோடு தினமும் புழங்குகிற எனக்கே இப்படி என்றால், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவர் எந்த முடிவுக்கு வருவார்? அவர் போய்த் தெருவில் நாலு பேரிடம் சொல்வார். வெங்கடேஷ் குழு சொன்ன சுற்றியிருப்பவர்களின் செல்வாக்கு என்பது இதுதான், அது இரண்டு பக்கமும் வேலை செய்யும்.

மதுரைப் பக்கத்து மேலூர் இங்கிருந்து ரொம்பத் தூரமில்லை. அங்கே 2001இல் சாரி என்ற திட்டம் தொடங்கியது, ஐஐடி மெட்ராஸ், எம்ஐடி போன்ற பெரிய நிறுவனங்கள் பின்னால் நின்றன. கிராமத்துக் கணினிக் கடையிலிருந்தே சான்றிதழுக்கும் முதியோர் ஓய்வூதியத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்பலாம். ஆரம்பத்தில் நன்றாகவே நடந்தது, கிராமத்து ஜனங்கள் பயன்படுத்தவும் செய்தார்கள். அப்புறம் ஆர்வமாக இருந்த, பயிற்சி பெற்ற அதிகாரிகள் மாறுதலாகிப் போனார்கள், வந்தவர்களுக்கு அதில் அக்கறை இல்லை, இந்தப் பக்கத்திலிருந்து அனுப்பியதற்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் நின்றுபோனது, அரசுச் சேவைகள் படுத்துவிட்டன, கடைகள் பலவும் மூடப்பட்டன. இதை ஆய்வாளர்கள் விரிவாகவே பதிவு செய்திருக்கிறார்கள். மேலூர்க்காரர்களுக்குக் கணினி பிடிக்காமல் போகவில்லை. பதில் வராத இடத்துக்கு யாரும் திரும்பத் திரும்பக் கடிதம் போட மாட்டார்கள், அவ்வளவுதான்.

செட்டிநாட்டுக்கு இது நன்றாகவே புரிய வேண்டும். தூரத்தில் இருக்கும் காரியத்தைக் காகிதத்தை நம்பி நடத்தியே வளர்ந்த பூமி இது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் அங்கே கடையில் எழுதிய கணக்கு, இங்கே முதலாளி வீட்டுக்கு முறையாக வந்து சேர்ந்தது. பேரேடும் ஐந்தொகையும் பார்த்துத்தான் ஒருவரை ஒருவர் நம்பினார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் பணத்தை விட்டுவிட்டு இங்கே நிம்மதியாகத் தூங்க முடிந்தது என்றால், கணக்கு சொன்ன நாளில் வந்தது, வராவிட்டால் யாரைக் கேட்க வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. முகம் பார்க்காமல் காரியம் நடப்பதில் இந்த ஊருக்கு எந்தத் தயக்கமும் கிடையாது. ‘நிலுவை’ என்று மட்டும் சொல்லிவிட்டு யார் மேசையில், ஏன் நிலுவை என்று சொல்லாத திரையைத்தான் நம்ப முடியவில்லை.

ஆன்லைன் சேவையை இங்கே அதிகம் கொண்டாடுகிறவர்கள் யார் தெரியுமா, ஊரில் இல்லாதவர்கள். ஒரு பெரிய வீட்டில் பத்துப் பங்கு இருக்கும், பங்காளிகளில் ஒருவர் பெங்களூரில், ஒருவர் கோலாலம்பூரில், இரண்டு பேர் மெட்ராஸில். முன்பெல்லாம் வில்லங்கம், அதாவது சொத்தின் மேல் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று, பார்க்க சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும், அதற்கென்றே ஒருவர் ஊருக்கு வர வேண்டும், அல்லது ஊரில் இருக்கும் ஒருவரிடம் கெஞ்ச வேண்டும். 2018 பிப்ரவரியில் பதிவுத்துறையின் ஸ்டார் 2.0 என்ற கணினித் திட்டம் வந்த பிறகு, கணினியில் ஏறியிருக்கும் ஆண்டுகளுக்கான வில்லங்கத்தை இருந்த இடத்திலிருந்தே காசில்லாமல் பார்க்கலாம். பட்டாவையும் அப்படித்தான். டேவிஸ் சொன்ன பயன் என்பதை இவர்கள் மனதில் எண்ணிப் பார்க்க வேண்டியதே இல்லை, ஒரு விமான டிக்கெட்டின் விலையாகவே அது தெரிகிறது.

அங்கேயும் ஓர் எல்லை வந்து நிற்கிறது. பெரிய வீடுகள் பலவும் சுதந்திரத்துக்கு முந்தியவை, தாய்ப்பத்திரமும் அந்தக் காலத்தது. பத்திரத்தில் இராமநாதபுரம் மாவட்டம் என்று இருக்கும், சிவகங்கை மாவட்டம் பிரிந்ததே 1985இல்தான். இராயவரம், கோனாபட்டுப் பக்கம் போனால் இன்னும் சுவாரசியம், 1948 வரை அது புதுக்கோட்டை சமஸ்தானம். இணையதளமோ மாவட்டம், வட்டம், கிராமம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் அங்கேயே முழித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டா பாட்டையா பெயரில், பாட்டையா காலமாகி அறுபது வருஷம், வாரிசுகள் நாற்பது பேர். இதை எந்த இணையதளமும் மூன்று சொடுக்கில் தீர்க்காது, தீர்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனால் இது ஆன்லைனில் ஆகாது, இன்ன அலுவலகத்துக்கு இன்ன காகிதத்தோடு போங்கள் என்று முதல் பக்கத்திலேயே தமிழில் சொல்லிவிடலாம். இரண்டு மணி நேரம் நிரப்பிவிட்டுக் கடைசியில் தெரிந்துகொள்வதுதான் ஆளை வெறுக்க வைக்கிறது.

பெயர் இன்னொரு தலைவலி. லெட்சுமணன் என்று ஆதாரில், லக்ஷ்மணன் என்று வங்கியில், இலக்குமணன் என்று பட்டாவில். மூன்றும் ஒரே ஆள்தான், எங்கள் ஊரில் கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். கணினிக்கு மூன்று பேர். வள்ளியம்மை பக்கத்தில் ஆச்சி என்று ஒரு காகிதத்தில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. முதலெழுத்து ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் அப்பா பெயர் முழுசாக. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, அந்த ஆங்கிலத்தைக் கணினி திரும்பத் தமிழாக்கினால் என்ன ஆகும் என்று கேட்கவே வேண்டாம். கடையில் போகும் நேரத்தில் பாதி இதற்கே போகிறது. கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் இன்னார் என்று தெரிந்துகொள்வார். அதனால்தான் இழுபறி பெயர் உள்ளவர்கள் ஆன்லைனை நம்பாமல் நேரிலேயே போகிறார்கள், அவர்கள் கணக்கு சரிதான்.

ஆத்தங்குடியில் ஓடு போடுகிறவர்களின் கையைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடிப் பலகை மேல் இரும்பு அச்சை வைத்து, அதற்குள் நிறம் கலந்த சிமென்ட் கரைசலை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமென்டும் போட்டு, காய வைத்துத் தண்ணீரில் ஊறப் போட வேண்டும். எல்லாம் கைவேலை. வருஷக்கணக்கில் சிமென்டில் புழங்கிய விரல் நுனி வழவழவென்று ஆகிவிடுகிறது. அப்படி ஓர் அண்ணன் கடைக்கு வந்தார். விரலைக் கைரேகைக் கருவியில் வைக்கிறார், சிவப்பு விளக்கு. துண்டில் துடைத்துவிட்டு வைக்கிறார், சிவப்பு. கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் தேய்த்துவிட்டு வைக்கிறார், அப்போதும் சிவப்பு. பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டு, “விடுங்கம்மா, ரேஷன் கடைலயும் இதே கதைதான்” என்று எழுந்துவிட்டார். ஊருக்கே தரை போட்டுக் கொடுக்கிற மனிதர், தான் தான்தான் என்று நிரூபிக்க முடியாமல் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. கருவிழி பதியும் கருவி இருந்தால் விரலை நம்பியிருக்க வேண்டியதில்லை, எல்லா இடத்திலும் அது இருக்க வேண்டும். இவருக்குப் போனைப் பயன்படுத்தப் பயிற்சி கொடுத்து என்ன ஆகப்போகிறது?

நம்பிக்கை பற்றிக் கார்ட்டரும் பெலாஞ்சரும் சொன்னதை நான் கண்ணால் பார்த்தது மின்சார விஷயத்தில்தான். ‘இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று போலிக் குறுஞ்செய்தி நாடு முழுக்கச் சுற்றியது, பலர் பணத்தை இழந்தார்கள். 2022 நவம்பரில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது, எது வாரியம் அனுப்பியது, எது திருடன் அனுப்பியது என்று தெரியாமல் ஆட்கள் போனை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடி வந்தார்கள். அப்படி வந்த ஓர் அம்மாவை, லிங்க் எதையும் தொடாதே என்று பேரன் ஒரு பக்கம் எச்சரிக்கிறான், லிங்க்கைத் தொட்டு இணை என்று அரசு ஒரு பக்கம் சொல்கிறது. அந்த அம்மா பயந்தது அறியாமையால் இல்லை, நல்ல விவரம் தெரிந்ததால்தான்.

அச்சிட்டு எடுத்த சான்றிதழைக் கொண்டு போனால் சில இடங்களில் இன்னும் ‘சீல் எங்கே, பச்சை மைக் கையெழுத்து எங்கே’ என்று கேட்கிறார்கள். மின்னணு ஆவணத்துக்கு 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலேயே அங்கீகாரம் இருக்கிறது, க்யூஆரை ஸ்கேன் செய்தால் உண்மை தெரிந்துவிடும். ஒரு கை கொடுத்ததை இன்னொரு கை வாங்க மறுத்தால், நடுவில் நிற்கிறவர் எதை நம்புவார்?

சரி, இதற்கெல்லாம் நடுவில் கடை எப்படி ஓடுகிறது என்றால், ஆள் இருப்பதால் ஓடுகிறது. அரசு இணையதளத்தை உண்மையில் பயன்படுத்துகிறவர் விண்ணப்பதாரர் இல்லை, கடையில் இருக்கும் அந்தப் பெண்தான். எந்தக் கோப்பு எத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும், எந்த நேரத்தில் சர்வர் படுக்கும், எந்தக் கட்டத்தில் தப்பாகப் போட்டால் விண்ணப்பம் திரும்பும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு நீளமான நோட்டில் வாடிக்கையாளர் பெயர், கேன் எண், போன் எண் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார், அடுத்த தடவை வரும்போது தேட வேண்டாமே என்று. அவர் நாணயமானவர். ஆனால் ஊரின் பாதி விவரம் மேசை மேல் ஒரு நோட்டில் இருப்பது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது, அவரிடமும் சொல்லியிருக்கிறேன். எல்லாக் கடையிலும் 60 ரூபாயோடு விடுவார்கள் என்றும் சொல்ல முடியாது, சில இடங்களில் இருநூறு வரை வாங்குகிறார்கள். ஆளுக்கு ஆள் கொடுக்கும் அந்த அதிகப்படி, எளிமையாக இல்லாத இணையதளத்துக்கு ஏழைகள் கட்டும் வரி.

ஆள் உதவி என்பதை அரசே சரியாகச் செய்த இடமும் உண்டு. மகளிர் உரிமைத் தொகைக்கு 2023இல் விண்ணப்பம் வாங்கியபோது, வீட்டுக்கு டோக்கனும் படிவமும் வந்தன, குறித்த நாளில் முகாமுக்குப் போனால் தன்னார்வலர் செயலியில் பதிவு செய்தார். செப்டம்பர் 15ஆம் தேதி திட்டம் தொடங்கியபோது ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்குத் தொகை போய்ச் சேர்ந்தது. முழுக்கக் கணினி வழிதான், ஆனால் எந்தப் பெண்ணையும் நீயே ஆன்லைனில் போடு என்று சொல்லவில்லை. டென்மார்க்கில் 2014 நவம்பரிலிருந்து அரசுக் கடிதங்களை மின்வழியாகப் பெறுவது கட்டாயம், அங்கேயே முடியாதவர்களுக்கு விலக்கும் நேரடி உதவியும் வைத்துத்தான் செய்தார்கள்.

இன்னொன்றும் தேவை, காலக்கெடு. மத்தியப் பிரதேசம் 2010இலேயே சேவை உறுதிச் சட்டம் கொண்டுவந்தது, குறித்த நாளுக்குள் சேவை தராத அதிகாரிக்கு அபராதம் உண்டு. தமிழ்நாட்டிலும் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று பல வருஷமாகக் கேட்கிறார்கள். எந்த மேசையில் எத்தனை நாளாக இருக்கிறது, என்ன காகிதம் குறைகிறது என்பது விண்ணப்பதாரரின் போனில் தமிழில் வந்தாலே கடையில் பாதிக் கூட்டம் குறையும். பாதிப் பேர் விண்ணப்பிக்க வருவதில்லை, ‘என்னாச்சு’ என்று பார்க்கத்தான் வருகிறார்கள்.

பள்ளத்தூரிலிருந்து வந்த ஓர் ஆச்சியைச் சொல்ல வேண்டும். எழுபத்து நான்கு வயது. ஆதார் அட்டை தொலைந்துவிட்டது, வங்கியில் கேட்கிறார்கள். பதிவிறக்கப் பார்த்தால் ஓடிபி ஆச்சியின் போனுக்கு வரவில்லை. முதன்முதலில் ஆதார் எடுத்தபோது மகன் தன் எண்ணைக் கொடுத்திருக்கிறார், அப்புறம் அவர் சிங்கப்பூர் போய்விட்டார், அந்த சிம் எப்போதோ செத்துப்போனது. இப்போது அந்த எண் யாரிடம் இருக்கிறதோ, ஆச்சியின் ஓடிபி அவருக்குப் போகிறது. “எனக்குத்தானே தம்பி கார்டு, எவனுக்கோ ஏன் நம்பர் போகுது?” என்று கேட்டார். வீட்டில் ஆண்பிள்ளை எண்ணைக் கொடுப்பதுதான் அன்றைக்கு எல்லோரும் செய்தது, அதனால் இங்கே எத்தனையோ ஆச்சிமார்களின் அடையாளம் கடல் தாண்டிக் கிடக்கிறது.

அப்போது ஆதாரில் போன் எண் மாற்ற மையத்துக்கு நேரில் போக வேண்டியிருந்தது, ஆனால் தபால்காரர் வீட்டுக்கே வந்து மாற்றித் தரும் வசதி 2021இலிருந்து இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. எனக்கும் கடையில்தான் தெரிந்தது. சொல்லிவைத்தோம், தபால்காரர் பள்ளத்தூர் வீட்டு முகப்பில் வந்து உட்கார்ந்து மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். சில நாள் கழித்து ஆச்சி மறுபடி கடைக்கு வந்தார். போன் அவர் மடியில் டிங் என்றது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாக, பேரேட்டில் தொகை படிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.